பழத்தைத் தின்னுங்கள்... குடிக்காதீர்கள்!

பழனிக்குப் போனவர் பஞ்சாமிர்தம் வாங்காமல் ஊர் திரும்பினார் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வீட்டுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று, சம்பந்தி வீட்டுக்கு ஒன்று என்று டப்பாவிலேயே பை நிறைந்துவிடும். அந்தப் பஞ்சாமிர்தத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, 'சாப்பிடலாமா, கூடாதா?' என்று திகைத்து நிற்கிற ஒரு புதுக் கூட்டம் இப்போது உருவாகியிருக்கிறது. உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்தான் அவர்கள்.

'இந்த ஆபரேஷன் விஷயத்தில் சித்த வைத்தியருக்கு என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. கத்தி பிடிப்பது சர்ஜன்தான். ஆனால் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம், ஆறு மாதம் போனபிறகு, 'உடம்பு தேற லேகியம் கொடுங்க', 'மலச்சிக்கலுக்குச் சூரணம் கொடுங்க' என்று எங்களைத் தேடியும் வருகிறார்கள். கூடவே அந்தக் கேள்வியும் வருகிறது. "ஏனுங்க டாக்டர்... பழம் சாப்பிடலாமுங்களா? சோறு?"

கேட்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, 'இனி ஜென்மத்துக்கும் பழம், சோறு பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்' என்று சபதம் எடுத்தவர்கள். இன்னொரு கட்சி, 'பழம்தானே, என்ன செய்துவிடும்?' என்று டம்ளர் டம்ளராக ஜூஸ் குடிப்பவர்கள். இரண்டு கட்சியும் தவறு என்பதே என் அபிப்பிராயம். பழத்தைத் தின்னலாம், குடிக்கக் கூடாது. சோறு சாப்பிடலாம், அதற்கு முதல் பந்தி கொடுக்கக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

வயிற்றில் என்ன நடந்திருக்கிறது?

நம் இரைப்பை சாதாரணமாக ஒரு லிட்டருக்கு மேலேயே கொள்ளும். 'ஸ்லீவ்' என்கிற ஆபரேஷனில் அதில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழ வடிவக் குழாய். 'பைபாஸ்' என்கிற இன்னொரு முறையில், இரைப்பையின் மேல்பகுதியில் கோழிமுட்டை அளவுக்கு, சுமார் 30 மில்லி மட்டும் கொள்ளும் ஒரு சின்னப் பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். (பைபாஸ் என்றதும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். இது இதயத்துக்குச் செய்கிற பைபாஸ் இல்லை!)

இது நேற்று முளைத்த வைத்தியமும் இல்லை. இந்த இரைப்பை பைபாஸை எடை குறைப்புக்காக 1966-ல் அமெரிக்காவில் முதலில் செய்தவர் எட்வர்ட் மேசன் என்ற சர்ஜன். வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டவர்கள் இளைத்துப்போவதைப் பார்த்துத்தான் இந்த யோசனையே வந்தது. 2022-ல் இரண்டு சர்ஜன் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், ஆசிய மக்களுக்கு பி.எம்.ஐ. 25 என்ற அளவிலிருந்தே உடல்பருமன் என்று கணக்கிட்டு, 27.5-லிருந்தே இந்த ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம் என்கிறது. ஆக, ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இனி நம் வீடுகளிலும் தெருக்களிலும் அதிகமாகத்தான் இருப்பார்கள். அவர்களுக்கு எப்படிப் பரிமாறுவது என்று நாம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

காவல்காரன் இல்லாத வாசல்

இரைப்பையின் அடிவாசலில் ஒரு தசை வளையம் இருக்கிறது. அதை நான் காவல்காரன் என்று சொல்வது வழக்கம். உள்ளே வந்த உணவு கூழாகிற வரைக்கும் வாசலைத் திறக்க மாட்டான். பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சிறுகுடலுக்குள் அனுப்புவான். பைபாஸ் ஆபரேஷனில் உணவு இந்த வாசல் வழியாகப் போவதே இல்லை. ஸ்லீவ் செய்தவர்களுக்குக் காவல்காரன் இருக்கிறான். ஆனாலும் குறுகிய குழாயில் அழுத்தம் கூடி, உணவு வேகமாக இறங்கிவிடுகிறது.

இந்த நிலையில் சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போனால்? அணையைத் திறந்த மாதிரி சிறுகுடலில் கொட்டும். அதற்கு 'டம்பிங்' என்று பெயர். இரண்டு விதமாக வரும்.

முதல் விதம், சாப்பிட்ட பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வருவது. சர்க்கரையை நீர்க்கச் செய்வதற்காகக் குடல் ரத்தத்திலிருந்து நீரை இழுக்கிறது. வயிறு உப்பும், முறுக்கும், பேதியாகும். வியர்வை கொட்டும், நெஞ்சு படபடக்கும், 'கொஞ்சம் படுத்தால் தேவலை' என்று இருக்கும். வயிற்றுப்புண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட நம் தாத்தாக்கள், 'பாயசம் குடித்தால் எனக்கு ஆகாது, படபடன்னு வருது' என்று சொல்வார்களே, அதேதான்.

இரண்டாவது விதம்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. இது சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வரும். சர்க்கரை ஒரேயடியாகக் குடலில் இறங்கியதும் சில குடல் ஹார்மோன்கள் பொங்குகின்றன. கணையம் தேவைக்கு மேல் இன்சுலினைச் சுரக்கிறது. விளைவு, ரத்தத்தில் சர்க்கரை சடாரென்று விழுகிறது. கை நடுக்கம், பசி, கண் இருட்டல், குழப்பம், சிலருக்கு மயக்கமே வரும். பெரும்பாலும் ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் கழிந்த பிறகுதான் இது தலைகாட்டும், அதுவும் பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகம். 'ஒரு வருஷம் ஆச்சே, எல்லாம் சரியாப் போச்சே' என்று அலட்சியம் வருகிற நேரமும் அதுதான்!

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பழனி அடிவாரத்தில் சாமி கும்பிட்டுவிட்டு, வெயிலுக்கு ஒரு பெரிய டம்ளர் கரும்புச்சாறு குடிக்கிறார் ஒருவர். உடனே குடும்பத்தோடு காரைக் கிளப்புகிறார், கொடைக்கானலுக்கு. மலைச்சாலை 60 கிலோமீட்டருக்கு மேல்; சுமார் இரண்டு மணி நேரம். சர்க்கரை இறங்கி மயக்கம் வருகிற நேரமும் அதேதான். ஒரு பக்கம் பள்ளம், எதிரே பஸ், ஸ்டீயரிங்கில் நடுங்கும் கை... அதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம். 'ஒரு ஜூஸ்தானே' என்பது சின்ன விஷயம் இல்லை.

தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பாதயாத்திரை போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. வழி நெடுக அன்பாகப் பானகம் கொடுப்பார்கள். எலுமிச்சையும் சுக்கும் ஏலமும் நல்லவைதான். ஆனால் அதில் கரைந்திருப்பது வெல்லம். 'வெள்ளைச் சர்க்கரை இல்லையே, வெல்லம்தானே' என்று சமாதானம் சொல்வார்கள். குடலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது! வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாமே அதற்குச் சர்க்கரைதான். நீர்மோர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். அதையும் மடக் மடக்கென்று குடிக்காமல், வாய் வாயாகக் குடியுங்கள்.

அப்படியானால் பழமே வேண்டாமா?

இங்கேதான் முதல் கட்சிக்காரர்களோடு நான் சண்டை போட வேண்டியிருக்கிறது. 'மாவுச்சத்து என்றாலே விஷம்' என்கிற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. பழம், சோறு, இட்லி எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். ஆபரேஷன் செய்தவர்களுக்கு இதனால் வருகிற கஷ்டத்தைப் பார்க்கிறேன். மலச்சிக்கல், சோர்வு, நாக்கு செத்துப்போவது. ஆறு மாதம் வாயைக் கட்டிவிட்டு, ஒருநாள் கட்டு அறுந்து, ஹோம்மேட் சாக்லெட் பெட்டியோடு உட்கார்ந்துவிடுவது!

முழுப் பழத்தில் சர்க்கரை இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் அது நாரோடு பின்னிக் கிடக்கிறது. பல்லால் மென்று, எச்சிலோடு கலந்து, மெதுவாகத்தான் அதை உள்ளே அனுப்ப முடியும். வாசலில் இல்லாத காவல்காரனின் வேலையைப் பல்லும் நாரும் சேர்ந்து பார்க்கின்றன. அதே பழத்தை மிக்ஸியில் அடித்து வடிகட்டினால் அந்தக் காவலும் போய்விடும். ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸ் பிழிய மூன்று நான்கு பழம் வேண்டும். உட்கார்ந்து சுளை சுளையாகத் தின்றால், ஆபரேஷன் ஆனவரால் ஒரு பழத்தை முடிக்கவே கால் மணி நேரம் ஆகும். ஜூஸாக இருந்தால்? இரண்டே நிமிடம். பழம் அதேதான், வேகம்தான் வேறு. வினையும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு இரும்புச்சத்து, பி-12, கால்சியம், வைட்டமின் டி எல்லாமே குறைய வாய்ப்பு அதிகம். டாக்டர் கொடுக்கிற வைட்டமின் மாத்திரைகளை ஆயுள் முழுவதும் விடாமல் சாப்பிட வேண்டும். மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு ரத்தசோகை சீக்கிரம் வரும். உணவில் இருக்கிற இரும்பு உடம்பில் சேர வைட்டமின் சி துணை செய்கிறது. நெல்லிக்காயும் கொய்யாவும் அதைத் தாராளமாகக் கொடுக்கின்றன. அதையும் விலக்கிவிட்டு, 'உடம்பில் ரத்தமே இல்லை' என்று வந்து நின்றால் எப்படி?

முதல் பந்தி யாருக்கு?

கல்யாண மண்டபத்தில் நூறு பேர் உட்காருகிற இடம், இனி பத்துப் பேருக்குத்தான் என்று ஆகிவிட்டது. அப்போது முதல் பந்தியில் யாரை உட்கார வைப்பீர்கள்? நெருங்கிய சொந்தத்தைத்தானே! வயிற்றுக்கு நெருங்கிய சொந்தம் புரதம். ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, 7 கிராம்தான் இருக்கிறது. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 9 கிராம் அளவுக்குக் கிடைக்கும். பனீர், மீன், கோழி என்றால் கூடுதல். இந்தச் சின்ன வயிற்றில் 60 கிராமை எட்டுவது லேசான காரியம் இல்லை.

அதில் முதலில் ஒரு வாழைப்பழத்தையோ இரண்டு கரண்டிச் சோற்றையோ போட்டுவிட்டால் இடம் முடிந்தது. புரதம் வாசலிலேயே நிற்கும். 100 கிராம் சோற்றில் மாவுச்சத்து சுமார் 28 கிராம். புரதமோ இரண்டு மூன்று கிராம்தான். ஆகையால் வரிசை இதுதான். முதலில் பருப்பு, முட்டை, மீன், தயிர். அடுத்து காய். கடைசியில் இடம் இருந்தால் சோறு அல்லது பழம். இந்த வரிசையில் இன்னொரு லாபமும் உண்டு. புரதமும் நாரும் முன்னால் போயிருந்தால், பின்னால் வருகிற சர்க்கரையின் வேகம் குறையும்.

புரதம் குறைந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது தலைமுடி. ஆபரேஷன் ஆகி மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் பலருக்கும் முடி கொட்டுகிறது. எடை வேகமாகக் குறையும்போது இது ஓரளவுக்கு வரத்தான் செய்யும். சாப்பாட்டைச் சரி செய்தால் திரும்பவும் வளரும். பழனியில் முடி இறக்குவது வேண்டுதல். சாப்பாட்டில் கோட்டை விட்டு முடி இறக்குவது எதற்கு?

மறுபத்தியம் என்ற நல்ல வழி

சித்த மருத்துவத்தில் பத்தியம் என்பது எல்லோருக்கும் தெரியும். மறுபத்தியம் என்று ஒன்று உண்டு, அது பலருக்குத் தெரியாது. மருந்தை நிறுத்திய மறுநாளே கண்டதையும் தின்னக் கூடாது. சில நாள் பொறுத்து, ஒவ்வொரு உணவாகச் சேர்த்து, உடம்பு ஏற்கிறதா என்று பார்த்து, அப்புறம் அடுத்ததற்குப் போக வேண்டும். நவீன டாக்டர்கள் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு எழுதிக்கொடுக்கிற சாப்பாட்டு அட்டவணையும் கிட்டத்தட்ட இதே முறைதான்.

முதல் இரண்டு வாரம் திரவ உணவு. தெளிந்த பருப்பு நீர், நீர்மோர், இனிப்பில்லாத பால் மாதிரி. பழ ஜூஸுக்கு இங்கே இடமில்லை. 'திரவம்தானே சொன்னாங்க' என்று பாட்டில் ஜூஸ் வாங்கி வைக்கிற வீடுகள் உண்டு. வைக்காதீர்கள். மூன்றாம், நான்காம் வாரம் குழைவான உணவு. மசித்த பருப்பு, கடைந்த தயிர், மசித்த முட்டை. அடுத்த சில வாரங்கள் மிருதுவான உணவு. வேகவைத்து மசித்த காயும், தோல் சீவிய மென்மையான பழம் ஒன்றிரண்டு ஸ்பூனும் இங்கேதான் ஆரம்பம். சுமார் இரண்டு மாதம் தாண்டினால் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுச் சாப்பாடு. ஆளுக்கு ஆள், ஆபரேஷனுக்கு ஆபரேஷன் இது மாறும். உங்கள் சர்ஜனும் டயட்டீஷியனும் எழுதிக்கொடுத்த அட்டவணைதான் உங்களுக்குச் சட்டம்.

சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். 'அரை வயிறு சோறு, கால் வயிறு தண்ணீர், கால் வயிறு காலி' என்று நம் பெரியவர்கள் சொன்னது முழு இரைப்பை உள்ளவர்களுக்கு. இவர்கள் சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆனால் நாள் முழுக்கச் சிறுகச் சிறுகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கொடைக்கானல் குளிரில் தாகமே எடுக்காது. அங்கே போகிறவர்கள் கடிகாரத்தைப் பார்த்தாவது குடியுங்கள்.

நம் மலையில் விளைகிற பழங்கள்

பழனி மலைக்குக் கீழ்மலை, மேல்மலை என்று இரண்டு முகம் உண்டு. இரண்டிலும் விளைகிறதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆயக்குடி கொய்யா. என் ஓட்டு முதலில் இதற்குத்தான். 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 14 கிராம். அதிலும் 5 கிராமுக்குக் குறையாமல் நார். நன்றாகப் பழுத்ததாக, இரண்டு மூன்று துண்டு, விதை உறுத்தாமல் பார்த்து, கூழாகும்வரை மெல்ல வேண்டும். முதல் இரண்டு மூன்று மாதம் மட்டும் பொறுங்கள்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் கமலா ஆரஞ்சு. நல்ல பழம். ஆனால் சுளைமேல் இருக்கிற வெள்ளை நாரையும் தோலையும் உரித்துவிட்டுத் தின்ன வேண்டும். இரைப்பை ஆபரேஷன் ஆனவர்களுக்கு அந்தச் சக்கை சரியாக அரையாமல் உருண்டையாகத் திரண்டு, குடலை அடைத்துக்கொண்ட சம்பவங்கள் மருத்துவத்தில் பழைய பாடம்.

வெண்ணெய்ப்பழம், அதாவது பட்டர் ஃப்ரூட். சர்க்கரை மிகக் குறைவு. கொழுப்பு அதிகம், ஆனால் நல்ல கொழுப்பு. மிருதுவாக இருப்பதால் ஆரம்பத்திலேயே ஏற்கும். ஒரு நாளைக்கு இரண்டு ஸ்பூன் போதும். கடைகளில் இதைப் பாலும் சர்க்கரையும் ஐஸ்கிரீமும் போட்டு அடித்துத் தருகிறார்களே, அது பழம் இல்லை, இனிப்புப் பண்டம்.

பேரிக்காய், பிளம்ஸ். தோல் சீவி, ஆரம்பத்தில் ஆவியில் வேகவைத்துச் சாப்பிடலாம். பிளம்ஸ் மலச்சிக்கலுக்கும் நல்லது.

தாட்பூட் பழம். இப்போது பேஷன் ஃப்ரூட் என்கிறார்கள். ஸ்பூனால் வழித்து, சர்க்கரை போடாமல், ஒரு பழத்தில் பாதி. பாட்டிலில் விற்கிற ஸ்குவாஷ் வேண்டவே வேண்டாம்.

மலை நெல்லிக்காய். துவையலாக, பச்சடியாகச் சாப்பிடுங்கள். தேனில் ஊறின நெல்லி? அதன் பெயரிலேயே பதில் இருக்கிறது.

விருப்பாச்சி மலைவாழை. 2008-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம். இனிப்பும் மாவும் அதிகம். அரைப் பழம், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. பலாச்சுளை ஒன்றுக்கு மேல் வேண்டாம். அதுவும் ஆறு மாதம் தாண்டி.

கடைசியாகப் பஞ்சாமிர்தம். இதுவும் 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது. மலைவாழை, நாட்டுச்சர்க்கரை, தேன், பேரீச்சை, கற்கண்டு, நெய், ஏலக்காய். எதில் சர்க்கரை இல்லை என்று தேடினால் நெய்யும் ஏலக்காயும்தான் மிஞ்சும்! ஆபரேஷன் ஆகிச் சில மாதங்களுக்குத் தொடவே வேண்டாம், விபூதி போதும். பிறகு உடம்பு நிலைப்பட்டதும், சாப்பாட்டுக்குப் பின் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பிரசாதம் என்பது துளிதான். ஸ்பூன் போட்டுச் சாப்பிட ஆரம்பித்தால் அது பலகாரம். துளியோடு நிறுத்திக்கொண்டவரை முருகன் கோபிக்க மாட்டான்.

சோறு, இட்லி, சப்பாத்தி?

நம்மவர்களுக்குச் சோற்றை விடு என்றால் உயிரை விடு என்று சொன்ன மாதிரி. விட வேண்டாம். ஆனால் மெல்லாமல் விழுங்கிய சோறும் ரொட்டியும் சின்ன வாசலில் கட்டியாக நின்று, நெஞ்சடைத்து வாந்தி வரவைக்கும். ஆரம்ப மாதங்களில் பலருக்கும் சோற்றைவிடப் பருப்பு தாராளமாகச் சேர்த்த பொங்கல், அடை, பெசரட்டு ஒத்துப்போகிறது. இட்லி என்றால் ஒன்று. கூட சாம்பாரில் இருக்கிற பருப்பைக் கெட்டியாக எடுத்துக்கொள்ளுங்கள். வரகு, சாமை, தினையும் நல்லவைதான். ஆனால் அவையும் மாவுச்சத்துதான், மந்திரம் இல்லை. கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் ஜூஸுக்குச் சொன்னதே அதற்கும்.

என் சக வைத்தியர்களுக்கு ஒரு வார்த்தை

இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனசு வராது. லேகியம் என்றாலே சர்க்கரைப் பாகு, நெய், தேன். சூரணத்துக்கு நாம் சொல்கிற அனுபானம் பெரும்பாலும் தேன். ஆபரேஷன் ஆனவருக்கு 'காலையில் ஒரு கொட்டைப்பாக்கு அளவு' என்று வழக்கம்போல எழுதிக்கொடுத்தால், மருந்தே டம்பிங்கைக் கொண்டுவரலாம். வெந்நீரிலோ மோரிலோ கொடுக்கக்கூடிய மருந்தாகத் தேர்ந்தெடுப்போம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்குச் சாப்பிடுகிற பழக்கமும் இவர்களுக்கு வேண்டாம். நீரும் உப்பும் இறங்கி ஆளையே சாய்த்துவிடும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த ஆபரேஷனுக்குப் பிறகு மருந்தின் தேவை மளமளவென்று குறையும். சிலருக்குத் தேவையே இல்லாமல் போகும். அந்த நேரத்தில் பழைய அளவிலேயே மாத்திரையும், அதன்மேல் ஆவாரைக் குடிநீர், சிறுகுறிஞ்சான் சூரணமும் என்று போனால், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். ஆகவே நோயாளிகளே, எந்த வைத்தியரிடம் போனாலும், 'எனக்கு இரைப்பையில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. 'ஆபரேஷன் பண்ணித்தானே இளைச்சே' என்று யாராவது பேசுவார்களே என்று மறைப்பவர்களால்தான் சிக்கலே. அடிவாரத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் விற்கிற 'உடம்பு இளைக்கும் பொடி'களைத் தொடாதீர்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

வாந்தி இரண்டு மூன்று நாள் விடாமல் வந்தால் இஞ்சிச்சாறு, ஓமவாட்டர் என்று வீட்டில் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பி-1 என்கிற தயமின் சத்து உடம்பில் நீண்ட நாள் தங்காது. அது வற்றினால் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். திரும்பவும் சரிசெய்ய முடியாத நரம்புப் பாதிப்பாகவும் ஆகலாம். தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ, கடும் வயிற்றுவலியோ காய்ச்சலோ வந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரைப் பாருங்கள்.

சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து நடுக்கமும் வியர்வையும் வந்தால், வண்டி ஓட்டுகிறவர் உடனே ஓரம் கட்ட வேண்டும். குளுக்கோமீட்டர் இருந்தால் பாருங்கள். அந்த நேரத்துக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோதான் மருந்து. தெளிந்ததும் கொஞ்சம் வேர்க்கடலை, பனீர் என்று புரதமாகச் சாப்பிட வேண்டும். இது திரும்பத் திரும்ப வந்தால் எதைச் சாப்பிட்டு எத்தனை மணிக்கு வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி, டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டுப் பெரியவர்களே, உங்களுக்கும் ஒன்று. 'குருவி கொத்தின மாதிரி சாப்பிடறியே, இன்னொரு வாய் போட்டுக்கோ கண்ணு' என்று கையைப் பிடித்து ஊட்டுவது பாசம்தான். ஆனால் அந்த இன்னொரு வாய்க்கு உள்ளே இடமில்லை. அவர்கள் தட்டு சின்னதாக இருக்கட்டும்; அரை மணி நேரம் உட்கார்ந்து மெல்ல அவகாசம் கொடுங்கள்; நீங்களும் கூடவே உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிடுங்கள். ஆபரேஷன் ஆகாத உங்கள் வயிற்றுக்கும் அது நல்லது. அவர்களைப் பார்க்கப் போகிறபோது ஸ்வீட் பாக்ஸும் ஜூஸ் பாட்டிலும் எதற்கு? அரைக் கிலோ கொய்யா வாங்கிக்கொண்டு போங்கள். ஒரே பழத்தை எல்லோரும் துண்டு போட்டுச் சாப்பிடலாம்!